தொட்டிலுக்கு மூன்றாவது கோட்

போன வாரம் நெய்யாற்றின்கரையில் ஒரு பெயின்ட் கடைக்குப் போயிருந்தேன். வீட்டு கேட்டுக்கு அரை லிட்டர் கறுப்பு வாங்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு இளம் தம்பதி நின்றிருந்தார்கள். அவர்கள் கையில் இழைத்த மரத்துண்டு ஒன்று. புதிதாகச் செய்த ஷெல்ஃபுக்கு நிறமேற்றும் ஸ்டெயின் போட வேண்டுமாம். அவருக்கு லைட் கலர்தான் வேண்டும். அவளுக்கு டார்க் கலர்தான் வேண்டும். பத்து நிமிடமாக அதே பேச்சு.

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார்.

“ஈ சாரினோடு சோதிக்கு. சார் எக்ஸ்பர்ட்டாணு!”

‘இவரைக் கேளுங்கள்’ என்கிறார் மலையாளத்தில். எக்ஸ்பர்ட்... நானா? என் ஆயுளில் நான் ஸ்டெயின் போட்ட மரச் சாமான் மொத்தம் ஒன்றே ஒன்று. அதற்காக அந்தக் கடைக்கு மூன்று முறை போனேன். அந்த மூன்று முறைதான் என்னை அவருடைய கண்ணில் எக்ஸ்பர்ட் ஆக்கியிருக்கிறது.

அந்தக் கணவரிடம் நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். “டார்க்தான் வேணும்னு அவங்க ஏன் சொல்றாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.”

அவர் சிரித்தார். “கலருக்கு எல்லாம் காரணம் உண்டா சார்?”

உண்டு. சில சமயம் உண்டு. இந்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் அக்கா புஷ்பம் இருப்பது பெருங்கடவிளைப் பக்கம். பாறசாலையில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் அரை மணி நேரம். முப்பத்திரண்டு வருடம் அரசாங்க நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். அந்தப் பக்கத்தில் நாற்பது வயதுக்குட்பட்ட பாதிப் பேருக்கு முதல் ஊசி போட்டது அக்காதான். ரோட்டில் அவளோடு நடந்தால் மீசை வைத்த ஆட்கள் எல்லாம் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்கள். பழைய பயம்!

அக்காவுக்கு ஒரே மகள், ஷைனி. பெங்களூரில் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வயிற்றில் பிள்ளை. ஏழாம் மாதம் ஊருக்கு வந்து இங்கேதான் பிரசவம் என்று முடிவானது. ஐந்தாம் மாதமே தொட்டில் வாங்கிவிட்டார் அத்தான்.

நல்ல ரப்பர் மரத் தொட்டில். ஷைனி போனில் போட்டோ அனுப்பி, இதே மாதிரிதான் வேண்டும் என்று சொல்லியிருந்தாள். பாலிஷ் இல்லாத, பெயின்ட் இல்லாத, சும்மா இழைத்து நிறுத்திய தொட்டில். மரத்தின் நிறம் அப்படியே பாலில் கொஞ்சம் டீ விட்டது போல. ‘நேச்சுரலா இருக்கணும்பா’ என்று அவள் மூன்று முறை சொன்னதாக அத்தான் எனக்குச் சொன்னார்.

ஆனால் அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். இந்த நிறம் வேண்டாம். டார்க்காக வேண்டும்.

அன்றைக்கே எனக்கு போன் வந்தது. “எலே, சனியாழ்ச்ச வா. தொட்டிலுக்கு கலர் அடிக்கணும். ஒனக்க அத்தானுக்கு இடுப்பு வளையாது.”

“அக்கா, பிள்ளை அதை நக்கும், கடிக்கும்...”

“எனக்குத் தெரியாதாக்கும்? தண்ணியில கலக்குத மாதிரி உள்ளது உண்டு. கடையில கேட்டு வாங்கிட்டு வா. இப்பவே அடிச்சு ரெண்டு மாசம் காத்தாட விட்டா மணமும் இருக்காது, ஒண்ணும் இருக்காது.”

நர்ஸிடம் எதிர்வாதம் செய்ய முடியுமா?

சனிக்கிழமை போனேன். வீட்டின் பின்னால் ரப்பர் ஷீட் காயப் போடுகிற கொட்டகையில் தொட்டிலை இறக்கி வைத்தோம். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். நானும் அத்தானும் தேய்த்தோம். ‘மழுமழுன்னு ஆயிட்டு’ என்று நான் சொன்ன இடத்தில் எல்லாம் அக்கா விரலை ஓட்டி, “இங்க ஒரு சிலும்பு... தா, இங்க ஒண்ணு” என்று கண்டுபிடித்துக்கொண்டே வந்தாள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் என் கண்ணுக்கு அகப்படாத சிலும்புகள் அவள் விரலுக்கு அகப்பட்டன. பெரிய திறமைதான் என்று நினைத்துக்கொண்டேன். அத்தோடு விட்டுவிட்டேன்.

அத்தான் ஒரு யோசனை சொன்னார். என்னை அவர் ‘அளியா’ என்றுதான் கூப்பிடுவார். இங்கே மைத்துனனுக்கு அதுதான் பெயர்.

“அளியா, நாலு பக்கமும் அடிக்காண்டாம். ஒரு பக்கம் மட்டும் அடி. அவ சரின்னு செல்லட்டும். பின்னே மத்தது.”

அப்படியே செய்தேன். நீளமான பக்கம் ஒன்றில் மட்டும் டீக் கலர். பழைய பனியன் துணியில் தொட்டு, மரத்தின் ஓட்டத்தோடு இழுத்துவிட்டு, காய்வதற்குள் மிச்சத்தைத் துடைத்து எடுக்க வேண்டும். நான் துடைக்க மறந்தேன். ஒரே திட்டுத்திட்டு! ஈரத்துணியால் தேய்த்து, திரும்பவும் உப்புத்தாள் போட்டு, திரும்பவும் அடித்து... சாயங்காலம் ஒருவழியாக தேக்கு மாதிரி வந்தது. அழகாகவே இருந்தது.

அக்கா தூரத்தில் நின்று பார்த்தாள். “போராது.”

அடுத்த சனிக்கிழமை அதே பக்கத்தில் வால்நட் கலர். நல்ல பழுப்பு.

“போராது.”

“புஷ்பம், மவ கேட்டது இது இல்லியே,” என்றார் அத்தான். “அவ வந்து அழப்போறா.”

“அழட்டும். நான் பாத்துக்கிடுவேன். இன்னும் கொஞ்சம் டார்க் வேணும்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. அக்கா எப்போது இப்படி ஆனாள்? மகள் ஆசையாகக் கேட்ட ஒரே ஒரு பொருள். அதில்கூட இவள் இஷ்டம்தான் நடக்க வேண்டுமா? வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பினேன். ‘வயசானா பிடிவாதம் வரும்’ என்று இரண்டு பேரும் தீர்ப்பு எழுதினோம். எவ்வளவு சுலபமாக எழுதிவிடுகிறோம்!

மூன்றாவது சனிக்கிழமை, கடையில் இருந்ததிலேயே கடுமையான கலர். டார்க் வால்நட். ரப்பர் மரம் கருங்காலி மாதிரி ஆனது. காய்ந்ததும் நானும் அத்தானும் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், அது நிற்கப் போகிற அறையிலேயே சுவரோரம் வைத்தோம். க்ரீம் கலர் சுவர், க்ரீம் கலர் டைல்ஸ். கறுத்த பக்கம் வாசலைப் பார்த்திருந்தது.

அக்கா இரண்டு கிளாஸ் டீயோடு வாசலில் வந்து நின்றாள்.

“இருக்கு,” என்றாள்.

நேராக நடந்து வந்து, டீயை என்னிடம் தந்துவிட்டு, தொட்டிலின் மேல் சட்டத்தில் கையை வைத்தாள். “மதி, போதும். இதாக்கும் எனக்கு வேண்டிய கலர்.”

அத்தான் கை கழுவப் போனார். அக்கா அடுக்களைக்குப் போனாள். நான் டீயைக் குடித்துக்கொண்டே நின்றேன். அந்த ஒரு வார்த்தை என்னை விடவில்லை. ‘கொள்ளாம்’ என்று சொல்லவில்லை. ‘நல்லாருக்கு’ என்று சொல்லவில்லை. ‘இருக்கு’ என்றாள். அப்படியென்றால் இவ்வளவு நாள்...?

அப்புறம் நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். தொட்டிலை அப்படியே திருப்பி வைத்தேன். கறுப்புப் பக்கம் சுவருக்கு, வெளுத்த பக்கம் வாசலுக்கு. ஒரு அடி முன்னால் இழுத்தும் வைத்தேன்.

அக்கா தட்டில் ஏத்தங்காய் சிப்ஸோடு வந்தாள். காலை பதினொரு மணி. ஜன்னல் வழியாக நல்ல வெயில். அவள் நிற்கவே இல்லை, ஒதுங்கவும் இல்லை. முழங்கால் போய்த் தொட்டிலில் இடித்தது. தட்டு விழுந்தது. சிப்ஸ் தரை முழுக்கச் சிதறியது.

ஒரு நிமிடம் அவள் அப்படியே நின்றாள். பிறகு கையை நீட்டி மெல்லத் தடவினாள். விரல் வெறும் மரத்தைத் தொட்டது.

“திருப்பி வச்சியாலே?”

நான் தட்டை எடுக்கக் குனிந்தேன்.

“என்னையே டெஸ்ட் பண்ணுதியா? முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் டெஸ்ட் எடுத்தவ நான்...”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது இல்லை. கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து சிப்ஸைப் பொறுக்கினேன். அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

“எவ்வளவு நாளா அக்கா?”

“ஒண்ணர வருஷம் ஆச்சு. சர்க்கர ரெட்டினாவ தின்னுட்டு. திருவனந்தபுரத்துல போய் மூணு தடவ கண்ணுல ஊசி போட்டேன். ஒனக்க அத்தான்ட்ட பென்ஷன் ஆபீசுக்குன்னு செல்லிட்டுப் போனேன். இனி கூடாம பாத்துக்கிடலாம், போனது வராதுன்னு டாக்டர் செல்லியாச்சு.”

“இப்ப... என் முகம் தெரியுதா?”

“முகம் உண்டு. மூக்கு இல்ல.” லேசாகச் சிரித்தாள். “ஒனக்க சத்தத்த கேட்டதும் நானே ஒரு மூக்க வச்சுக்கிடுவேன்.”

பிறகு அவளாகவே சொன்னாள். கறுப்புத் தெரிகிறது, கடுமையான நிறம் எல்லாம் தெரிகிறது. வெள்ளையில் வெள்ளைதான் தெரியவில்லை. வெள்ளைத் தட்டில் சோறு தெரியாது. சுவரில் சாத்தி வைத்த புதுப் பாய் தெரியாது. தொட்டில் வந்த அன்றைக்கு அத்தான் ‘எப்பிடி இருக்கு?’ என்று கேட்டாராம். ‘எங்க இருக்கு?’ என்று கேட்க வாயெடுத்து, விழுங்கிக்கொண்டு, ‘கலர் கொள்ளாது’ என்று சொல்லிவிட்டாளாம். அன்றைக்குத் தொடங்கியதுதான் எல்லாம்.

“ஷைனிட்ட சொல்லணும் அக்கா.”

“செல்லிட்டா? பிள்ளைய எனக்க கையில தருவாளா?”

நான் கடைசிச் சிப்ஸையும் தட்டில் போட்டேன்.

“இந்தக் கையில எத்தன ஊருக்காரனுக்க பிள்ளைய வாங்கியிருக்கேன்! எனக்க பேரப்பிள்ளைய மட்டும் தூர நின்னு பாக்கணுமோ? ஆறு வருஷம் முட்டுகுத்தி ஜெபம் பண்ணினது அதுக்கோ?”

கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்டேன். “கை தவறிட்டா?”

“அதத்தான் மக்கா நானும் நெனச்சுட்டு கெடக்கேன். ராத்திரி ஒறக்கம் உண்டுன்னா நெனச்சே?”

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டாள். ‘ஷைனி வருகிற வரைக்கும் சொல்ல மாட்டேன், அதற்கு மேல் முடியாது’ என்றேன். மற்ற மூன்று பக்கத்துக்கும் அன்றைக்கே டார்க் வால்நட் அடித்தேன். அடிக்கும்போதெல்லாம் ஒரே குழப்பம். நான் இப்போது அக்காவுக்குத் தொட்டில் தெரிவதற்காகக் கலர் அடிக்கிறேனா, இல்லை அவள் கண் தெரியாதது வெளியே தெரியாமல் இருப்பதற்கா? துணியைத் தொட்டுத் தொட்டு இழுத்தேன். விடை வரவில்லை. விரல் நகம் மட்டும் பழுப்பானது.

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் ஒரு விசித்திரமான பாசம் உண்டு. சர்க்கரையை மகளிடம் மறைப்போம். வேலை போனதை அம்மாவிடம் மறைப்போம். நெஞ்சுவலியை ‘கேஸ்’ என்போம். அவர்கள் வருத்தப்படக் கூடாது என்பதற்காக மறைக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில்... நம் கையில் இருக்கிற ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்கிற பயம்தானே பாதி?

ஏழாம் மாதம் ஷைனி வந்தாள். நானும் போயிருந்தேன். காரில் இருந்து இறங்கினவள் நேராக அறைக்குத்தான் போனாள். தொட்டிலைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

“மாமா... இது என்ன செஞ்சு வச்சிருக்கிய? நான் கேட்டது இதா?”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் டைல்ஸைப் பார்த்தேன்.

“நேச்சுரலா வேணும்னு எத்தன தடவ செல்லினேன்! இது ஏதோ பழைய பீரோ மாதிரி... மாமாவுக்குத் தெரியாதுன்னா எங்கிட்ட ஒரு வாட்டி கேக்கப்படாதா?”

“எனக்குக் கலர் ஞானம் கொஞ்சம் கம்மி மக்கா,” என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயிற்றில் பிள்ளையோடு, பதினைந்து மணி நேரப் பயணம் முடிந்து வந்தவள். மேலும் என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

“அவன வையாதே.”

அக்கா வாசலில் நின்றிருந்தாள். கையில் மகளுக்குக் கொண்டு வந்த கரிக்கு, வெட்டிய இளநீர். அதைக் கதவோரம் மெல்லத் தரையில் வைத்தாள்.

“நாந்தான் செல்லி அடிக்க வச்சேன். வெளுத்த தொட்டில் எனக்குத் தெரியாது மக்கா. இது தெரியும். அதாக்கும் காரியம்.”

முழுவதையும் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னாள். டூட்டி முடிந்து அடுத்த நர்ஸிடம் வார்டை ஒப்படைக்கிற மாதிரி, எப்போது தொடங்கியது, எந்தக் கண் மோசம், என்ன மருந்து, எத்தனை ஊசி... ஒன்றும் விடாமல். கடைசியில் மட்டும் குரல் கொஞ்சம் உடைந்தது. “பிள்ளைய எங்கிட்ட தர பயமா இருந்தா தராண்டாம். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

அத்தான்தான் தொண்டையைச் செருமினார்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா புஷ்பம்? ஆறு மாசமா சோத்துல கல்லும் கறியில தலமுடியும் எடுத்துப் போட்டுட்டுத் திங்கேன். நீ செல்லாம நான் எப்பிடிக் கேப்பேன்?”

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். இந்த ஆறு மாதமாக இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரே விஷயத்தை மறைத்திருக்கிறார்கள்! சிரிப்பதா, அழுவதா?

ஷைனி மெல்ல நடந்து அம்மாவிடம் போனாள்.

“அம்மா... எனக்க முகம் தெரியுதா?”

“கிட்ட வா.”

இரண்டு கையாலும் மகளுடைய கன்னத்தைப் பிடித்தாள் அக்கா. கட்டை விரலால் கண்ணுக்குக் கீழே தடவினாள். கழுத்து வரை தடவினாள்.

“நல்லா தடிச்சிட்டே மக்கா. ரெத்தமும் கொறவாக்கும். கண்ணுக்குக் கீழ எல்லாம் குழி விழுந்து கெடக்கு.”

அவ்வளவுதான். ஷைனி அம்மாவின் தோளில் விழுந்து அழுதாள். வயிறு இடையில் தடுத்ததால் சரியாகக் கட்டிப்பிடிக்கக்கூட முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பி நின்று பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்கு போன். ஷைனிதான். “மாமா, வாறப்ப கறுப்பு டேப் நாலு ரோல் வாங்கிட்டு வருவியளா?”

அடுத்த இரண்டு நாளில் அந்த வீடே மாறியது. அடுக்களைப் படியின் ஓரத்தில் கறுப்பு டேப். குளியலறைப் படியில் டேப். வெள்ளைத் தட்டுகள் எல்லாம் பரணுக்குப் போயின, சோறு போட நீலத் தட்டுகள் வந்தன. அக்காவுடைய அடுத்த செக்கப்புக்கு ஷைனியே வயிற்றைத் தாங்கிக்கொண்டு கூடப் போனாள். டாக்டரிடம் அக்கா கேட்ட ஒரே கேள்வி... உங்களுக்கே தெரிந்திருக்கும். ‘பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் தாராளமாகக் குளிப்பாட்டலாம்’ என்றாராம் அவர்.

குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை, மூன்று கிலோ. அந்தக் கறுத்த தொட்டிலில் வெள்ளைத் துணியில் கிடந்தான். அக்கா வாசலில் இருந்தே நேராக நடந்து போய்க் குனிவதை நான் பார்த்தேன். நகக்கண்ணில் இருந்த பழுப்புக்கு அது போதும்.

கடந்த திங்கட்கிழமை காலையில் போயிருந்தபோது குளிப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. அக்கா பலகையில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். கடும்நீல நைட்டி. இதற்கென்றே ஷைனி வாங்கிக் கொடுத்தது. அந்த நீலத்தின் மேல் பிள்ளை, எண்ணெய் மினுங்க, கை காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். அக்காவின் கை அவன் தலைக்கு அடியில் போனது, கழுத்தைத் தாங்கியது, தொடை மடிப்பில் இறங்கியது. ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

ஒரு சாண் தள்ளி ஷைனி குத்துக்காலிட்டு இருந்தாள். இரண்டு கையையும் பாதி நீட்டி வைத்திருந்தாள். தொடவில்லை. குளிப்பாட்டி முடிகிற வரைக்கும் அந்தக் கை அப்படியே இருந்தது.

அத்தான் வெந்நீர்ச் செம்போடு வந்து நின்ற நேரம் பார்த்து, பேரன் குழாயைத் திறந்தான். நேராக அக்காவின் முகத்துக்கு! நாங்கள் எல்லாரும் ஒரேயடியாகச் சிரித்துவிட்டோம்.

அக்கா தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“இத அறியதுக்குக் கண்ணு வேண்டாம் மக்கா!”